தோளில் ஒரு முடிச்சு

மெஷினை அணைத்த பிறகும் நாகராஜின் வலது தோள் துள்ளிக்கொண்டிருந்தது.

"முடிஞ்சிட்டு அண்ணாச்சி, எந்திரிங்க" என்றாள் கோகிலவாணி. தாராவியில், மருந்துக் கடைக்கு மேலே இருந்த அந்த அறையில் தசைப்பிடிப்புக்குக் கரண்ட் வைப்பவள் அவள். மெஷின் ஒன்றுதான். பட்டறை விடும் நேரத்துக் கூட்டத்தைச் சமாளிக்க, இரண்டு கட்டிலை ஒட்டிப் போட்டு நடுவே ஒரு பச்சைத் திரையைத் தொங்கவிட்டு, ஒரே மெஷினின் ஒயர்களை இரண்டு பேருக்குப் பிரித்து ஒட்டுவாள். இன்று அவசரத்தில், நாகராஜின் தோளில் ஒட்டவேண்டிய, ஒயர் நுனியில் இருக்கும் ரப்பர் பேட் ஒன்று திரைக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த பூலோகத்தின் தோளுக்குப் போய்விட்டது.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. அவள் கரண்டைக் கூட்டிக்கொண்டே போனாள். அப்போது திரைக்கு அடியிலிருந்து ஒரு கை வந்து நாகராஜின் மணிக்கட்டைப் பிடித்தது. ஈரக் கை. சோப்பு வாசனைக்கு அடியில் கழுவியும் போகாத ஆட்டிறைச்சி வாடை. பிடித்த மறுகணம் கரண்ட் அந்த உடம்பிலிருந்து இந்த உடம்புக்குப் பாய்ந்தது. கத்தக்கூட வாய் திறக்கவில்லை. கோகிலவாணி ஓடிவந்து அணைக்கும்வரை அந்தப் பிடி தளரவில்லை.

பூலோகம் கறிக்கடைக்காரன். நாகராஜின் வீட்டுக்கு அடுத்த வீடு. மனைவி கனகவள்ளியை அவன் அடிக்கும் சத்தம் சந்துக்கே பழக்கம். யாரும் டிவியின் சத்தத்தைக்கூடக் குறைக்க மாட்டார்கள். நாகராஜ் தன் மனைவி விஜயராணிமீது ஒரு நாளும் கை ஓங்கியதில்லை. அந்தச் சந்தில் அது அவனுக்கு இருந்த ஒரே பெருமை.

நாகராஜ் வீட்டுக்கு வந்து வழக்கம்போல தோல் பெல்ட்டுக்குச் சுத்தியலால் ஓட்டை போட உட்கார்ந்தான். பசையும் பதனிட்ட தோலும் கலந்த நாற்றம், அடுப்பில் குழம்பு கொதிக்கும் சத்தம், வாசலில் யாரோ குடத்தை நகர்த்தும் ஓசை. எல்லாம் எப்போதும் போலத்தான் இருந்தது. தோளில் ஏதோ சுண்டியது. ஓட்டைக்கு ஒரு அடி போதும். கை மறுபடியும் ஓங்கியது. மறுபடியும். பெல்ட் கந்தலாகியது. ஒவ்வொரு அடி விழும்போதும் அடுத்த வீட்டில் கனகவள்ளி அலறினாள். அவன் கை நின்றபோது அவள் அலறலும் நின்றது.

அம்மிக் குழவியால் அவளை அடித்தே கொன்றிருந்தான் பூலோகம். போலீஸ் வந்து இழுத்துப்போகும்போது பூலோகம் நாகராஜைப் பார்த்து, "நான் நிறுத்தத்தாம்ல பாத்தேன். கை கேக்கல" என்றான். நாகராஜ் தன் வலது கையை மடியில் பொத்திக்கொண்டான். யாரிடம் சொல்வது, என்னவென்று சொல்வது?

மறுநாள் சாயங்காலம் செய்தி வந்தது. பூலோகம் லாக்கப் சுவரில் தலையை மோதிக்கொண்டு செத்துப்போனான். நாகராஜுக்கு வெட்கமே இல்லாமல் நிம்மதியாக இருந்தது. தொலைந்தான், இனி என் கை என் கைதான் என்று நினைத்துக்கொண்டே தோளைத் தடவினான். உள்ளே புளியங்கொட்டை போல ஒரு முடிச்சு. லேசாக அழுத்தினான். வலது கை மூடிக்கொண்டு மேலே எழும்பியது. விரலை எடுத்தான். இறங்கியது.

சுத்தியலை எடுத்துத் தோல் குவியலுக்கு அடியில் திணித்தான்.

உள்ளே வந்த விஜயராணி கண்ணில், வெளியே நீட்டியிருந்த அதன் பிடிதான் முதலில் பட்டது. "சுத்தியலப் போயி தோலுக்கு அடியில போட்டிருக்கிய? அப்புறம் தேடவா?" என்று கேட்டு அவன் வலது பக்கமே வைத்தாள். பிறகு பின்னால் வந்து உட்கார்ந்து தைலத்தைத் திறந்தாள்.

"வேண்டாம்ளா. தொடாத."

"சும்மா இருங்க. கரண்டு வைக்கிற வாணிகிட்ட கேட்டுட்டுத்தான் வந்திருக்கேன். முடிச்சு மேல கட்டவெரல வச்சு அழுத்திப் பிடிச்சா தன்னால விட்டுருமாம். வலிக்குன்னு கத்துவாவ, விட்டுரக் கூடாதுன்னா."

சொல்லியிருக்க வேண்டும். அவள் தன்னைப் பார்த்துப் பயப்படுவாளே என்ற ஒரு நினைப்பில் வாய் அடைத்துப்போயிற்று.

அவள் விரல் தேடியது. கழுத்தோரம். கொஞ்சம் கீழே. இன்னும் கீழே.

"இங்கனயா?"

அழுத்தினாள்.

கை மூடியது. மூடிய கைக்குள் சுத்தியல் பிடி இருந்தது.

"ராணி, விடு. ஏளா, விடு."

"கொஞ்சம் பொறுங்க."

இன்னும் அழுத்தினாள். கை ஓங்கியது. தோளைத் தாண்டிப் பின்னால் போனது. தேங்காய் உடைவது போல ஒரு சத்தம். பிடரியில் சூடாக எதுவோ வழிந்தது. அவள் கத்தவில்லை. ஒரு மூச்சு மட்டும் அவன் காதருகே வந்து நின்றுபோனது.

அழுத்திய விரல் மட்டும் விலகவில்லை.

மறுபடியும் விழுந்தது. மறுபடியும். தைல வாசனை போயிற்று. சோப்பு வாசனை. அதற்கு அடியில் ஆட்டிறைச்சி.

அவளுடைய தலை அவன் முதுகில் சாய்ந்து கனத்தது. இடது கையால் அவள் விரல்களைப் பிடித்து இழுத்தான். ஒன்றைக்கூட நகர்த்த முடியவில்லை. ஈரமாக இருந்தன. திரைக்கு அடியில் அவனைப் பிடித்த அதே பிடி.

"விட்டுரு" என்று அழுதான்.

செத்தவளின் கட்டைவிரல் முடிச்சின் மேல் இன்னும் கொஞ்சம் அழுந்தியது. சுத்தியல் மேலே போனது.