மேகத்தை விலக்காதே!

டெலிபோன் அலறியது.

அலறியது போனா, எதிர்முனையில் இருந்த மனைவியா என்று மீசைக்குப் புரியவில்லை.

"என்னங்க! என் தம்பியை லாக்கப்ல வெச்சிருக்கீங்களாமே?"

"வெச்சிருக்கேன். டீ வாங்கிக் குடுத்திருக்கேன். பிஸ்கட் கேட்டான், அதுவும் குடுத்தாச்சு."

"அவன் கொசு அடிக்கவே கூசுறவன்! சாயங்காலத்துக்குள்ள அவன் வீடு வந்து சேரணும். வரலைன்னா நீங்களும் வர வேணாம்!"

டொக்!

மீசை, அந்த ஸ்டேஷனின் இன்ஸ்பெக்டர். மூக்குக்குக் கீழே வளர்ந்து கிடந்த புதரைப் பார்த்து ஊர் வைத்த பெயர் அது. திருடர்கள் பயந்தார்கள். மனைவி பயந்ததாகத் தகவல் இல்லை.

நேற்று ஏரியில் ஒரு பிணம் மிதந்தது...

தண்ணீர் பரிசோதனை அதிகாரி. பின்மண்டையில் பலமான அடி. முந்தின நாள் காலையில் தன் மனைவியிடம் போனில், "ஏரிக்கரையில இருக்கேன், தலைக்கு மேல விமானம் பறக்குது, காது கிழியுது, அப்புறம் பேசறேன்" என்றிருக்கிறார்.

அந்த 'அப்புறம்' வரவே இல்லை.

சந்தேகம் விழுந்தது மீசையின் மச்சான் மேல். நீச்சல் தெரியாததால் படகில் டிரம் கட்டிக்கொண்டு போய், ஏரிக்குள் வலைக்கூண்டு போட்டு மீன் வளர்க்கிறவன். கூண்டுகளால்தான் தண்ணீர் கெடுகிறது, பிரித்து எறி என்று அதிகாரி மிரட்டினாராம். "முதல்ல உன்னைப் பிரிச்சு எறியறேன்" என்று இவன் கத்தினானாம். அதை அரை ஊர் கேட்டிருக்கிறது. மீதி அரை ஊர், கேட்டதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

"மாமா!" கம்பிக்குப் பின்னால் மச்சான் விசும்பினான். "அன்னிக்கு நான் ஏரிப்பக்கமே போகலை மாமா! பெயிண்ட் அடிச்சு, படகை வீட்டுக்குப் பின்னால காயப் போட்டிருந்தேன்!"

"அதுக்கு சாட்சி?"

"படகுதான் மாமா!"

"ரொம்ப நல்லது. அதையே கோர்ட்ல பேசச் சொல்றேன்."

அப்போது உள்ளே நுழைந்தார் கலர் டாக்டர்.

ஊசி போடத் தெரியாத டாக்டர். விமானத்தின் வயிற்றில் கேமராவைக் கட்டிக்கொண்டு, ஏரிக்கு மேல் பறந்து பறந்து படம் எடுப்பவர். அன்று காலை அதிகாரியின் காதைக் கிழித்ததும் இவருடைய விமானம்தான். மேலே இருந்து பார்த்துச் சொல்கிறவர்களை மீசை என்றைக்கும் நம்பியதில்லை... மேலதிகாரிகள் உட்பட!

டாக்டர் லேப்டாப்பைத் திறந்து, அன்று காலை எடுத்த படத்தைக் காட்டினார்.

"நம்ம கண்ணு கொஞ்சம் நிறம்தான் சார் பார்க்கும். இந்தக் கேமரா வெளிச்சத்தை நூத்துக்கணக்கான நிறமாப் பிரிச்சுப் பார்க்கும். பாசி எது, சாக்கடை எது, சேறு எது... எல்லாத்தையும் காட்டிக் குடுத்துடும்."

"எங்க ஏட்டும் அதே ரகம்தான். விஷயத்துக்கு வாங்க."

"மஞ்சளா ஓடுதே, அதெல்லாம் அழுக்கு. கிளம்பற இடத்தைப் பாருங்க... உங்க மச்சானோட மீன் கூண்டு!"

"ஐயோ!" என்றது கம்பி.

மீசை திரையை முறைத்தார். கிழக்குக் கரையில், சாயப்பட்டறைப் பக்கம், வெள்ளையாக ஒரு திட்டு.

"இது என்ன, சுண்ணாம்பு கொட்டினாப்ல?"

"மேகம் சார். நடுவுல வந்து மறைச்சிடுச்சு. அப்படி மறைச்ச இடத்தை வெள்ளையாக்கி ஒதுக்கிடறது எங்க வழக்கம்."

"ஓஹோ. காலை வெயில்ல எடுத்த படம். மரத்துக்கு நிழல் இருக்கு, கம்பத்துக்கு நிழல் இருக்கு. உங்க மேகத்துக்கு மட்டும் நிழலைக் காணோமே... மேகமா, பேயா?"

டாக்டர் லேப்டாப்பை மூடப் பார்த்தார்.

"சாயப்பட்டறை முதலாளி உங்களுக்கு என்ன வேணும்?"

"மா... மாமனார்."

"அப்படிப் போடு! மாமனார் வீட்டு அழுக்கை மேகத்தால மூடிட்டு, மிச்சத்தை என் மச்சான் தலையில கட்டிட்டீங்க!"

மீசைக்கு மனசெல்லாம் குளிர்ந்தது. கொலைகாரன் யாரென்று தெரிந்துவிட்டது... சாயப்பட்டறை முதலாளி! மச்சான் விடுதலை! வீட்டில் இன்றைக்குச் சோறு நிச்சயம்!

"மேகத்தை எடுங்க! அடியில இருக்கிற அசல் படம் வேணும்!"

"மாமா..." கம்பிக்குள்ளிருந்து ஈனக்குரல். "வேணாம் மாமா. பாவம், மாமனார் சமாச்சாரம்... விட்டுடுங்களேன்."

"உன்னை வெளியே எடுக்கத்தான்டா!"

"எனக்கு இங்கேயே வசதியா இருக்கு மாமா!"

டாக்டர் ஒரு பொத்தானைத் தட்டினார்.

மேகம் கலைந்தது!

பட்டறைக் குழாயிலிருந்து மஞ்சள் கொட்டிக்கொண்டிருந்தது. அதையொட்டி, கரையோரம் முழுக்க ரத்தச் சிவப்பு.

"இது?"

"ஆகாயத்தாமரை. உயிருள்ள இலையை இந்தப் படத்துல சிவப்பாக் காட்டுவோம். பச்சைப் பெயிண்டைப் பூசிக்கிட்டு இலைன்னு இதை ஏமாத்த முடியாது. கறுப்பாத் தெரிஞ்சிடும்... இதோ தெரியுதே... சார்?"

சிவப்புக்கு நடுவே கறுப்பாக, நீளமாக... ஒரு படகு!

இரண்டு பக்கமும் டிரம் கட்டிய படகு. அந்த ஏரியில் டிரம் கட்டிய படகு ஒன்றே ஒன்றுதான். அதன் சொந்தக்காரனுக்கு நீச்சல் தெரியாது!

வீட்டு ஜன்னலுக்கு அடித்து மீந்த பச்சைப் பெயிண்ட் டப்பாவை, "எடுத்துட்டுப் போடா" என்று மச்சானிடம் தூக்கிக் கொடுத்தது சாட்சாத் மீசையேதான்.

மீசை மெல்லத் திரும்பினார்.

"கூண்டைப் பிரிக்க ஆதாரம் தேடித்தான் அந்த அதிகாரி அங்கே வந்தான்னு நெனச்சேன் மாமா..." மச்சான் தலையைத் தொங்கப் போட்டான். "கோபத்துல துடுப்பால ஒரு தட்டு. அவ்வளவுதான்!"

"செடிக்குள்ள ஒளியறதுக்குன்னே பெயிண்ட் அடிச்சிட்டுப் போனவனுக்குக் கோபம் எங்கேடா வந்துச்சு?"

டாக்டர் தொண்டையைச் செருமினார். "அவர் வந்தது பட்டறைக் குழாயைப் பார்க்க சார். அழுக்கு மீன் கூண்டுலேருந்து வரலையோன்னு அவருக்கே சந்தேகம். முந்தின நாள் என்கிட்ட கேட்டார்... நான்தான் மழுப்பிட்டேன்."

மச்சான் வாயைப் பிளந்தான். அவன் கூண்டுகளைக் காப்பாற்றப் போன ஒரே ஆளை, அவனே துடுப்பால் அனுப்பி வைத்திருக்கிறான்.

"ஏட்டு! டாக்டரையும் உட்கார வை. பொய்ப் படம் காட்டினதுக்குத் தனி மரியாதை உண்டு."

டெலிபோன் மறுபடி அலறியது.

"என்னங்க, தம்பி கிளம்பிட்டானா?"

மீசை நெடுமூச்சு விட்டார்.

"ரெண்டு தலையணை குடுத்தனுப்பும்மா... ஒண்ணு அவனுக்கு, ஒண்ணு எனக்கு!"