பேசுபவர் இரண்டு

மாற்றலாகி வந்த அறிவியல் டீச்சருக்கு எட்டாம் வகுப்பைக் கொடுத்தார்கள். மூன்றாம் மாடி, மூலை அறை. மூச்சு வாங்கப் படியேறி அவள் உள்ளே நுழைந்தபோது, கம்ப்யூட்டர் சார் கையில் பட்டாணி அளவு மைக்கோடு காத்திருந்தார்.

"இதைத் தோள்கிட்ட குத்திக்கோங்க மேடம். நீங்க பேசுறதெல்லாம் எழுத்தா மாறி அந்தப் பொண்ணோட டேப்லெட்ல ஓடும்."

அந்தப் பெண் முதல் பெஞ்சில் இருந்தாள். பிள்ளைகள் அவளைச் சிட்டு என்று கூப்பிட்டார்கள். சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் அவளுடைய இரண்டு காதையும் கொண்டு போய்விட்டது. காது மெஷின் வைத்தும் பலனில்லை. பேசுவாள், சொற்களின் ஓரம் மட்டும் கொஞ்சம் தேய்ந்திருக்கும். பாடத்தில் பாதியை டீச்சரின் உதட்டிலிருந்தும் மீதியை டேப்பிலிருந்தும் எடுத்துக்கொள்வாள்.

அறையில் கரும்பலகை கிடையாது, பெரிய திரைதான். திரையில் படம் தெரிவதற்காக ஜன்னல்களுக்குக் கனமான துணி போட்டிருந்தார்கள். காலை பத்து மணிக்கே உள்ளே பொழுது சாய்ந்த மாதிரி இருக்கும். சாக்பீஸே இல்லாத அந்த அறையில் சாக்பீஸ் தூள் வாசனை ஏன் அடிக்கிறது என்று டீச்சர் முதல் நாளே யோசித்தாள். பழைய கட்டடம், எங்கிருந்தாவது வரும் என்று விட்டுவிட்டாள்.

மூன்றாம் நாள், ஜீரண மண்டலப் பாடம் பாதியில் இருக்கும்போது சிட்டு எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"ஏம்மா சாத்துன?"

"நீங்கதானே டீச்சர் சொன்னீங்க."

டீச்சர் டேப்பை வாங்கிப் பார்த்தாள். அந்தக் கருவி குரலை வைத்து ஆளைப் பிரித்து எழுதும். டீச்சர் சொன்ன ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் 'பேசுபவர் 1' என்று இருந்தது. நடுவில் ஒரே ஒரு வரி மட்டும் வேறு.

பேசுபவர் 2: கதவைச் சாத்து.

கடைசி பெஞ்சில் வாய் ஓயாத இரண்டு பேர் உண்டு. அவர்கள் வேலைதான் என்று டீச்சர் முடிவு கட்டினாள். மறுநாள் எல்லோருக்கும் தேர்வு வைத்து, அந்த இரண்டு பேருக்கும் பின்னால் போய் நின்றுகொண்டாள். பேனா உரசும் சத்தத்தைத் தவிர அறையில் ஒன்றுமில்லை. பத்து நிமிடம் போயிருக்கும். சிட்டு தலையைத் திருப்பி அவளையே பார்த்தாள். டீச்சர் அருகே போய்க் குனிந்தாள்.

பேசுபவர் 2: இவளுக்குக் கேட்கவில்லை.

"டீச்சர்," என்று சிட்டு ரகசியமாகக் கேட்டாள். "இங்க எனக்கு மட்டும்தான் கேட்காதுன்னு நினைச்சேன். உங்களுக்குமா?"

டீச்சரின் சந்தேகம் இப்போது கம்ப்யூட்டர் சார் மேல் பாய்ந்தது. கீழே எங்கேயோ உட்கார்ந்து டைப் அடித்து விளையாடுகிறீர்களா என்று ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும் கேட்டே விட்டாள். அவர் முகம் சுருங்கிப் போயிற்று. மைக்கையும் டேப்பையும் வீட்டுக்கு எடுத்துப் போனார். இரண்டு நாள் கழித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"என் வீட்ல நாலு பேர் ஓயாம பேசிப் பார்த்தோம். வேற ஒரு வரி வரல. இன்னொண்ணு மேடம், இந்த மைக் ஒரு முழத்துக்கு மேல எதையும் பிடிக்காது. கடைசி பெஞ்சுல கத்துனாலும் விழாது."

"அப்ப அது யாரு?"

"உங்க தோளை ஒட்டி நிக்கிறவங்க." அவர் கொஞ்சம் தயங்கினார். "இல்லன்னா, நீங்களே உங்களை அறியாம முணுமுணுக்குறீங்களோ என்னவோ."

சாயங்காலத்துக்குள் அந்தப் பேச்சு தலைமை ஆசிரியை வரை போய்விட்டது. "உடம்புக்கு முடியலைன்னா லீவு எடுத்துக்கோங்க டீச்சர்," என்றார் அவர், கண்ணைப் பார்க்காமல்.

அன்று இரவு டீச்சருக்குத் தன் வாய் மேலேயே நம்பிக்கை போயிற்று.

மறுநாள் மதியம், எல்லோரும் சாப்பிடக் கீழே இறங்கியதும், அவள் தனியாக மேலே ஏறினாள். சிட்டுவின் டேப் பெஞ்சிலேயே இருந்தது. அதை மேசை மேல் நிறுத்தி வைத்தாள். மைக்கைக் குத்திக்கொண்டாள். பாட்டிலைத் திறந்து கன்னம் உப்பும்வரை வாயில் தண்ணீர் நிரப்பி, உதட்டை இறுக மூடினாள். இனி தானாக முணுமுணுக்க வழியில்லை.

காத்திருந்தாள்.

கீழே தட்டுகள் மோதும் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது. ஜன்னல் துணி அசையவில்லை. சாக்பீஸ் வாசனை கூடிக்கொண்டே வந்தது. யாரோ பக்கத்தில் நின்று கை தட்டித் தூளை உதறிய மாதிரி மூக்கு நமநமத்தது.

டேப்பில் எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

பேசுபவர் 2: முழுங்கு.

அவள் முழுங்கவில்லை.

பேசுபவர் 2: முழுங்கு.

இடது காது மடலில் குளிர்ந்த மூச்சு பட்டது.

முழுங்கினாள்.

பேசுபவர் 2: அந்தப் பெண்ணைக் கூப்பிடுகிறேன்.

டீச்சர் மைக்கைப் பிய்த்து எறிந்தாள். அது சுவரில் பட்டு விழுந்த சத்தம் அடங்குவதற்குள், படிக்கட்டில் யாரோ ஓடி வரும் காலடி கேட்டது. கதவருகே வந்து நின்றாள் சிட்டு. கை கழுவிய ஈரம் இன்னும் காயவில்லை.

"கூப்பிட்டீங்களா டீச்சர்?"

டேப் மேசையில் இருந்தது. கீழே இருந்தவளிடம் எதுவுமே இல்லை.

"உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்று டீச்சர் உதட்டை மெல்ல அசைத்துக் கேட்டாள்.

சிட்டு ஈர விரலால் தன் காதைத் தொட்டுக் காட்டினாள். அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

"காதுல விழுந்துச்சு."

டீச்சர் அவள் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டு மூன்று மாடியும் நிற்காமல் இறங்கினாள். அன்றே தலைமை ஆசிரியையிடம் போய், இனி அந்த அறையில் கால் வைக்க மாட்டேன், வேலை போனாலும் சரி என்றாள். என்ன நினைத்தாரோ, அவர் மறுக்கவில்லை. வகுப்பு தரைத்தளத்துக்கு வந்தது. மைக் அலமாரிக்குப் போயிற்று. பாடத்தையெல்லாம் டீச்சர் முந்தின நாளே கையால் எழுதிச் சிட்டுவுக்குக் கொடுத்தாள். விரல் காய்த்துப் போயிற்று. ஆனாலும் பேசுபவர் ஒருவர்தான் என்ற நிம்மதி இருந்தது.

அரையாண்டுத் தேர்வு முடிந்த வெள்ளிக்கிழமை சிட்டுவின் அம்மா பார்க்க வந்தார். நல்ல வெயில். வராந்தாவில் நின்றே பேசினார்கள்.

"இவளுக்காக இவ்வளவு எழுதுறீங்க, உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல டீச்சர்," என்ற அம்மா குரலைத் தாழ்த்தினார். "இன்னொரு நல்ல சேதி. இவளுக்குக் காது திரும்பி வருதுன்னு நினைக்கிறேன். வீட்ல திடீர்னு தலையைத் திருப்புறா. பதில் கூடச் சொல்றா. டாக்டர் டெஸ்ட் பண்ணிட்டு எதுவும் மாறலைங்கிறார். நம்ம கண்ணால பார்க்கிறதை எப்படி இல்லைங்கிறது, சொல்லுங்க?"

டீச்சரின் கண் சிட்டுவைத் தேடியது.

சிட்டு அவர்களுக்கு முதுகைக் காட்டி, யாருமில்லாத படிக்கட்டைப் பார்த்து நின்றிருந்தாள். யாரோ பேசுவதை முழுசாகக் கேட்டு முடித்தவள் போல ஒருமுறை தலையாட்டினாள். பிறகு மரியாதையாக, சொற்களின் ஓரம் கொஞ்சமும் தேயாமல் சொன்னாள்.

"கொஞ்சம் இருங்க. அம்மா பேசிட்டு இருக்காங்க."