ஆட்சேபணை உண்டா?

மழையென்றால் மழை, அப்படியொரு மழை. அமெரிக்காவின் டுலூத் நகர ஃபெடரல் கோர்ட் வாசலில் குடையை உதறிவிட்டு, வக்கீல் இங்ரிட் ஹால்வர்சன் லிஃப்டுக்குள் பாய்ந்தாள். கதவு அவள் பையின் வாரைக் கவ்விக்கொண்டது. உள்ளே நின்ற நெட்டையன் பதறிப்போய் ஒரு பட்டனை அழுத்தினான்... மூடுகிற பட்டனை!

"திறக்கறது எது, மூடறது எதுன்னு கூடத் தெரியாதா? வக்கீல் மாதிரி டிரஸ் வேற."

"வக்கீலேதாங்க," என்றான் பாவமாக. இமையில் மழைத்துளி... சாம்பல் நிறக் கண்கள். ச்சே, இப்போதா இதையெல்லாம் பார்ப்பது?

கோர்ட்டில் அவன் எதிர் மேஜையில் போய் உட்கார்ந்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓவன் ஹாகர்டி! இத்தனை மாதமாக மெயிலிலேயே சண்டை போட்ட கப்பல் கம்பெனி வக்கீல் இவன்தானா?

அதைவிடப் பெரிய இடி அடுத்து விழுந்தது. அவள் கட்சிக்காரரான மீனவர் ஆர்னேயின் படகைக் கப்பல் இடித்து நொறுக்கியதற்கு அவளிடம் இருந்த ஒரே சாட்சி போட்டோக்கள். அவற்றைக் கோர்ட்டுக்குக் கம்ப்யூட்டரில் அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருந்தாள். மற்ற நீதிபதிகளுக்கு அது போதும். நீதிபதி ஸ்ட்ராட்டன் அம்மாவுக்கோ முந்தின நாளே காகிதத்தில் கைக்கு வந்திருக்க வேண்டும்.

"என் விதிகளைப் படிச்சீங்களா, மிஸ் ஹால்வர்சன்?"

படித்திருந்தாள், அந்த ஒரு வரியைத் தவிர. போட்டோ இல்லையென்றால் வழக்கு அம்போ. ஆர்னேக்குப் பிழைப்பே போய்விடும்.

எந்தத் தகராறானாலும் வக்கீல்கள் முதலில் நேருக்கு நேர் உட்கார்ந்து பேச வேண்டும் என்பது அந்த அம்மாவின் இன்னொரு விதி. இருவரையும் பக்கத்து அறைக்கு அனுப்பினார். ஓவன் சம்மதித்தால் போட்டோக்களை ஏற்பாராம்.

திட்டிய வாயாலேயே கெஞ்சுவதா? இங்ரிட் சுவரைப் பார்த்தாள். ஓவன் மேஜையைப் பார்த்தான். இரவல் கோட்டில் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்த ஆர்னேயின் முகம் நினைவுக்கு வந்தது... கௌரவம் கரைந்துபோயிற்று.

"கேக்க வெக்கமாத்தான் இருக்கு. ஆனா தப்பு என்னோடது, படகு அவரோடது."

"அந்தப் போட்டோவெல்லாம் நான் போன மாசமே பாத்தாச்சுங்க. இப்பப் போய்ப் புதுசா பாக்கற மாதிரி குதிச்சா, அந்தம்மா என்னைத்தான் வறுத்தெடுப்பாங்க. எனக்கு ஆட்சேபணை இல்ல." கொஞ்சம் தயங்கினான். "லிஃப்ட்ல நடந்ததுக்கு... ஒரு காபி வாங்கித் தரலாமா?"

"வழக்கு முடியற வரைக்கும் கூடாது."

அவன் முகம் வாடியது. அதைப் பார்த்து அவள் மனசும் வாடியது, ஏனென்றுதான் தெரியவில்லை.

போட்டோக்களைப் பார்த்த ஜூரிகளின் முகம் மாறியதைக் கப்பல் கம்பெனிக்காரர்கள் கவனித்தார்கள். மறுநாள் மத்தியானமே புதுப் படகு வாங்கித் தர ஒப்புக்கொண்டு சமாதானத்துக்கு வந்தார்கள். ஆர்னே அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டார். அப்பாடா! நெஞ்சிலிருந்து பாறாங்கல்லை இறக்கி வைத்தது போலிருந்தது அவளுக்கு.

"வழக்கு முடிஞ்சது. வேற ஏதாவது உண்டா?" என்றார் நீதிபதி.

அந்த நிம்மதியில் இங்ரிட் தன்னை மறந்தாள். சட்டென்று ஓவன் பக்கம் திரும்பி, "இப்ப அந்தக் காபிக்குப் போலாமா?" என்று கேட்டேவிட்டாள்.

ஸ்ட்ராட்டன் அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "என் கோர்ட்ல எதிர்த்தரப்போட நேராப் பேசக் கூடாது. எதுவா இருந்தாலும் எழுந்து நின்னு என்கிட்டதான் சொல்லணும்."

எழுந்தாள். காது வரைக்கும் சிவந்துவிட்டது. இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது?

"யுவர் ஆனர்... இவரை எனக்குப் பிடிச்சிருக்கு. சொல்லக் கூடாதேன்னு நேத்துலேருந்து வாயைக் கட்டிட்டு இருந்தேன்."

நீதிபதி சிரிக்கவில்லை. ஆனால் உதடு லேசாகத் துடித்தது. "மிஸ்டர் ஹாகர்டி, ஆட்சேபணை உண்டா?"

ஓவன் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அந்தச் சாம்பல் கண்கள் ஈரமாக மின்னின... இன்று வெளியே மழையே இல்லை.

"இல்லை, யுவர் ஆனர். லிஃப்ட்லயே இல்லை."