எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தார்கள்

டாம்சின் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அவள் தங்கை கெர்ராவும்தான். ஆனால் கெர்ராவை யாரும் கவனிக்கவில்லை. பத்து வயதுக்காரிக்கு வயிறு சரியில்லை என்றால், பிஸ்கட் நிறையத் தின்றிருப்பாள் என்றுதான் வீட்டில் நினைப்பார்கள்.

இருவருக்கும் காரணம் ஒன்றுதான். பிளிமத் நகரத்தில் இருக்கிற டேமர் கணிதப் பள்ளி.

அது அரசுப் பள்ளி. கட்டணம் கிடையாது. ஆனால் பதினாறு வயதானவர்கள்தான் அங்கே சேர முடியும். இரண்டு வருடப் படிப்பு. கணக்கும் இயற்பியலும்தான் பாடம். தூரத்து ஊர்க்காரர்கள் திங்கள் முதல் வெள்ளி வரை அங்கேயே தங்கிக்கொள்ள வேண்டும்.

வருகிற சனிக்கிழமை அங்கே பள்ளியைச் சுற்றிக் காட்டும் நாள். நுழைவுத் தேர்வுக்குப் பெயர் கொடுக்க அதுதான் கடைசி நாளும்கூட.

அக்காவுக்கு என்ன பயம் என்று கெர்ராவுக்குத் தெரியாது. தன்னுடைய பயம் அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அப்பா டென்சில் நண்டுப் படகில் வேலை பார்ப்பவர். அவர்கள் ஊரான போர்த்கெவர்னின் துறைமுகத்தில் கடல் வற்றினால் வெறும் சேறுதான் மிஞ்சும். தண்ணீர் மறுபடி ஏறினால்தான் படகு உள்ளே வர முடியும். காற்று அடிக்கிற சாயங்காலங்களில் அப்பா கடலில் இருப்பார், அம்மா முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போயிருப்பாள். அக்காவும் தங்கையும் அப்பாவின் படகுக்காக ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார்கள்.

"ஏழரைக்கு முன்னாடி தண்ணி ஏறாது" என்று டாம்சின் கணக்குப் போட்டுச் சொல்வாள். "அதனால ஏழரை வரைக்கும் பயப்பட ஒண்ணுமில்ல. அதுக்கப்புறமும் வரலைன்னா சேர்ந்து பயப்படலாம்."

டாம்சின் போய்விட்டால், எப்போதிலிருந்து பயப்படுவது என்று சொல்ல ஆள் இருக்காது. சாயங்காலம் முழுவதும் பயப்பட வேண்டியதுதான்.

கெர்ரா இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் டாம்சின் போக மாட்டாள். அது தெரிந்துதான் சொல்லவில்லை. சொல்லிவிடலாமா என்றும் தினமும் யோசித்தாள்.

சனிக்கிழமை காலையில் அம்மா லவ்டே இரவு வேலை முடிந்து வந்த கையோடு காரை எடுத்தாள். கண் சிவந்திருந்தது. வழியெல்லாம் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு ஓட்டினாள்.

"குளிருதும்மா" என்றாள் கெர்ரா.

"குளிரட்டும். கதகதப்பா இருந்தா நான் தூங்கிடுவேன். பரவாயில்லையா?"

கெர்ரா கோட்டைக் கழுத்துவரை இழுத்து மூடிக்கொண்டாள். பின் இருக்கையின் மறுபக்கம் டாம்சின் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

பள்ளி பழைய கப்பல் பட்டறைக்குப் பக்கத்தில் இருந்தது. சாம்பல் நிறக் கல் கட்டடம். வாசலில், வந்தவர்களுக்கு வழி காட்டுகிறவர்களின் ஊதா சட்டை போட்ட மாணவன் ஒருவன் நின்றிருந்தான். சட்டையில் 'பார்டெக், இரண்டாம் ஆண்டு' என்று எழுதியிருந்தது. எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தான். கன்னம் வலிக்காதா என்று கெர்ரா நினைத்தாள்.

பெற்றோர்கள் எல்லோரையும் தலைமையாசிரியர் பேச்சைக் கேட்கப் பெரிய கூடத்துக்கு அனுப்பினார்கள். மாணவர்களை ஒரு வகுப்பறைக்கு அழைத்துப் போனார்கள். கூட வந்த தம்பி தங்கைகள் பின்னால் உட்காரலாம். கெர்ராவைத் தவிர வேறு தம்பி தங்கை யாரும் வரவில்லை.

ஓக்‌ஷாட் என்ற ஆசிரியை பலகையில் ஒரு கணக்கை எழுதினார்.

ஒரு வட்ட மேசையைச் சுற்றி இருபது பேர். எல்லோரும் ஒரே நேரத்தில் யாராவது ஒருவரோடு கை குலுக்க வேண்டும். ஒருவர் கை இன்னொருவர் கைக்குக் குறுக்கே போகக் கூடாது. எத்தனை விதமாகக் கை குலுக்கலாம்?

"அவசரமில்ல. யோசிங்க. நான் கொஞ்ச நேரத்துல வரேன்" என்று சொல்லிவிட்டு அவர் பக்கத்து அறைக்குப் போய்விட்டார்.

எல்லோரும் குனிந்தார்கள். பேனாக்கள் ஓடின. அறையில் வேறு சத்தமே இல்லை.

கெர்ரா அக்காவின் முதுகைப் பார்த்தாள். டாம்சின் எழுதவில்லை. தலையைத் தூக்கி வலப்பக்கம் பார்த்தாள். அங்கே எழுதிக்கொண்டிருந்தார்கள். இடப்பக்கம் பார்த்தாள். அங்கேயும் எழுதிக்கொண்டிருந்தார்கள். பிறகு அவளும் குனிந்து பேனாவை ஓட்டினாள். அவள் காது சிவந்துபோயிருந்தது. வீட்டில் கணக்குப் போடும்போது அவள் காது சிவக்காது.

கெர்ராவால் உட்கார முடியவில்லை. மேசையில் பிஸ்கட் தட்டு ஒன்று யாரும் தொடாமல் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு வரிசையாகப் போனாள்.

"பிஸ்கட் வேணுமா?"

டை கட்டிய பையன் ஒருவன் சட்டென்று கையால் தாளை மறைத்தான். கெர்ரா குள்ளம். அவளுக்குக் கைக்கு அடியில் தெரிந்தது. அவன் தன் பெயரை எழுதிக்கொண்டிருந்தான். ரூபர்ட், ரூபர்ட், ரூபர்ட். கணக்கு ஒரு வரிகூட இல்லை.

அடுத்த பெண் ஒரு வட்டம் போட்டு அதற்குள் கட்டம் கட்டமாக நிழல் தீட்டிக்கொண்டிருந்தாள். அதற்கடுத்தவன் பலகையில் இருந்த கேள்வியை மூன்றாவது தடவையாகப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தான். மூன்று தடவையும் கையெழுத்து அழகாக இருந்தது.

யாரும் பிஸ்கட் எடுக்கவில்லை. கெர்ரா திரும்பிப் பார்த்தபோது டாம்சினின் நாற்காலி காலியாக இருந்தது.

நடைபாதை நீளமாக, இருட்டாக இருந்தது. கெர்ரா ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்தாள். கடைசியில் கழிப்பறையில் ஒரு கதவு சாத்தியிருந்தது. அடியில் அக்காவின் ஷூ தெரிந்தது.

"டாம்?"

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் வந்தது.

"டாம், வாந்தி வருதா?"

"இல்ல. போ."

"போக மாட்டேன்."

"எல்லாரும் எழுதுறாங்க கெர்ரா. எனக்கு எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியல. நம்ம ஸ்கூல்ல எல்லாரும் என்னைத்தான் கேப்பாங்க. எனக்குத் தெரியாம இருந்ததே இல்ல." குரல் உடைந்தது. "நான் ஒண்ணும் பெரிய புத்திசாலி இல்ல. அங்க வேற ஆளே இல்லாததால அப்படித் தெரிஞ்சிருக்கு. அவ்வளவுதான். அம்மாவைக் கூட்டிட்டு வா. வீட்டுக்குப் போலாம்."

"பேரு கொடுக்கலையா?"

"வேண்டாம்."

கெர்ரா கேட்க ஆசைப்பட்ட வார்த்தை அதுதான். அவள் எதுவும் செய்யவில்லை, எதுவும் சொல்லவில்லை, தானாகவே நடந்துவிட்டது. ஜன்னலோரம் இனி தனியாக உட்கார வேண்டாம்.

"சரி" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

பெரிய கூடத்துக் கதவுக்கு முன்னால் பார்டெக் தனியாக நின்றிருந்தான். யாரும் பார்க்காததால் சிரிக்காமல் இருந்தான். அவளைக் கண்டதும் மறுபடி சிரிக்க ஆரம்பித்தான்.

"சிரிக்க வேண்டாம். நான் இங்க சேர வரல" என்றாள் கெர்ரா.

"அப்பாடா" என்று அவன் முகத்தைத் தேய்த்துக்கொண்டான். "அம்மாவைத் தேடுறியா? உள்ள கடைசி வரிசையில ஒரு அம்மா நல்லா தூங்குறாங்க."

"எங்கம்மாதான்." கெர்ரா கதவைத் தள்ளப் போனாள். கை கதவிலேயே நின்றது. "ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளேன். காலையிலிருந்து எல்லாரும் பஸ் நேரத்தையும் சாப்பாட்டையும்தான் கேக்குறாங்க."

"இங்க கணக்கு வரலன்னா என்ன பண்ணுவாங்க?"

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "முதல் டெஸ்ட்டுல எனக்கு நூத்துக்குப் பதினொண்ணு" என்றான். "யாரும் திட்டல. அதுதான் இன்னும் பயமா இருந்துச்சு. பெட்டியைக் கட்டிட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் பக்கத்து ரூம்காரன் பேப்பர் கட்டில்ல கிடந்துச்சு. எடுத்துப் பார்த்தேன். ஒன்பது."

"சிரிச்சியா?"

"ரெண்டு பேரும் சிரிச்சோம். அப்புறம் அவன் அழுதான். நான் பெட்டியைப் பிரிச்சேன்." அவன் தோளைக் குலுக்கினான். "இதைச் சொல்லச் சொல்லி எங்களுக்குச் சட்டை கொடுக்கல."

கெர்ராவுக்கு அந்த டை கட்டிய பையன் நினைவுக்கு வந்தான். நிழல் தீட்டிய பெண்ணும், அழகான கையெழுத்தும். அக்காவுக்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரியும். சொல்லாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. அதைப் பொய் என்றுகூடச் சொல்ல முடியாது.

கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். அம்மா வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். உள்ளே போய் எழுப்பினால் போதும்.

கெர்ரா கையை எடுத்தாள். நடந்தால் மனசு மாறிவிடும் என்று பயந்து, கழிப்பறைக்கு ஓடினாள்.

"டாம், அவங்க யாரும் கணக்குப் போடல."

"என்ன?"

"சும்மா எழுதுறாங்க. நான் பார்த்தேன். பிஸ்கட் கொடுக்கிற மாதிரி போயி பார்த்தேன்."

"எனக்காகப் பொய் சொல்லாதே."

"எனக்கு நீ இங்க சேருறதே பிடிக்கல. நான் எதுக்குப் பொய் சொல்லணும்?" கெர்ராவின் குரல் ஏறியது. "அந்த டை கட்டினவன் ரூபர்ட் ரூபர்ட்னு தாள் முழுக்க எழுதியிருக்கான். ஒரு ரூபர்ட்டோட கடைசி எழுத்துக்கு வால் வேற போட்டிருக்கான். இன்னொருத்தன் கேள்வியையே மூணு தடவை எழுதிட்டான். அவங்களும் அவங்க ஸ்கூல்ல உன்னை மாதிரிதான். அவங்க யாருக்கும் விடை தெரியாம இருந்து பழக்கமில்ல."

கதவுக்குப் பின்னால் சத்தம் நின்றது. பிறகு தாழ்ப்பாள் திறந்தது. டாம்சின் வெளியே வந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"வால் போட்டிருக்கானா?"

"சுருட்டி."

டாம்சின் முகத்தைக் கழுவினாள்.

வகுப்பறையில் இன்னும் எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். டாம்சின் தன் இடத்துக்குப் போனாள். உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். அவள் பேசப் போகிறாள் என்று கெர்ராவுக்குத் தெரிந்தது. அவள் சொல்லி எல்லோரும் சிரித்துவிட்டால்?

"எனக்கு எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியல" என்றாள் டாம்சின்.

பேனாக்கள் நின்றன. யாரும் நிமிரவில்லை. கெர்ரா பிஸ்கட் தட்டை மறுபடி எடுத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கும்" என்றான் ரூபர்ட், தாளைக் கவிழ்த்து வைத்துக்கொண்டே.

"எனக்கும்தான்" என்றாள் நிழல் தீட்டிய பெண். "அந்தம்மா போனதுலேருந்து இந்த வட்டத்தைத்தான் அழகு பண்ணிட்டிருக்கேன்."

யாரோ சிரித்தார்கள். அது டாம்சினைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு இல்லை.

"இருபது பேர் ரொம்ப அதிகம். நாலு பேரை வெச்சுப் பார்க்கலாமா?" என்றாள் டாம்சின்.

நாலு பேர் ஒரு மேசையைச் சுற்றி நின்றார்கள். பக்கத்தில் இருப்பவரோடு கை குலுக்க இரண்டு வழிதான் இருந்தது. எதிரில் இருப்பவர்களோடு குலுக்கினால் கை குறுக்கே போனது. பிறகு ஆறு பேர் தேவைப்பட்டார்கள். மற்றவர்கள் வேறு மேசைகளில் கூடிவிட்டதால் ஓர் ஆள் குறைந்தது.

"ஏய் பிஸ்கட், நீ வா" என்றான் ரூபர்ட்.

ஆறு பேருக்கு ஐந்து வழி என்று கண்டுபிடிப்பதற்குள் பெரிய சண்டை வந்தது. கெர்ராவின் கை இரண்டு தடவை முறுக்கிக்கொண்டது. ஓக்‌ஷாட் எப்போது உள்ளே வந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை. அவர் தட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தார்.

டாம்சின் அவரிடம் போய்த் தேர்வுக்குப் பெயர் கொடுத்தாள். கெர்ரா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

திரும்பும் வழியில் அம்மா ஜன்னலைச் சாத்தியே ஓட்டினாள். நன்றாகத் தூங்கி எழுந்திருந்தாள்.

"தலைமையாசிரியர் நல்லா பேசினார்" என்றாள்.

"என்ன பேசினார்?" என்று கேட்டாள் கெர்ரா.

"அதெல்லாம் ஞாபகமில்ல. ஸ்கூல் எப்படி இருந்துச்சு?"

"பயமா இருந்துச்சு" என்றாள் கெர்ரா. "ஆனா அங்க பயமா இருக்குன்னு சொல்லலாம்."

பாலத்தின் மேல் காற்று காரை உலுக்கியது. டாம்சின் தங்கையைப் பார்த்தாள். "ரூபர்ட் விஷயத்தை நீ எங்கிட்ட சொல்லாம இருந்திருக்கலாம்ல?"

"இருந்திருக்கலாம்."

"வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வந்துடுவேன். அதுவும் பரீட்சையில தேறினாத்தான். தேறலைன்னா உனக்குக் கொண்டாட்டம்."

"ஆமா" என்றாள் கெர்ரா. "ஆனா நீ தேறிடுவே. அதுதான் பயமா இருக்கு."

அடுத்த சிக்னலில் கார் நின்றதும், டாம்சின் பெல்ட்டைக் கழற்றி நடு இருக்கைக்கு நகர்ந்து மறுபடி மாட்டிக்கொண்டாள். மறுபக்கம் முழு இருக்கையும் காலியாகக் கிடக்க, வீடு வரைக்கும் இரண்டு பேரும் நெருக்கியடித்துக்கொண்டே போனார்கள்.