நாலாம் பை

சாலைக்காக மலையை வெட்டியதில் எழுந்த மண்சுவரைக் காணோம்! நேற்றுவரை ஏழு அடுக்குகளும் வரிவரியாகத் தெரிந்த இடத்தில், இன்று ஈரம் காயாத சிமென்ட். மழை கொட்டிக்கொண்டிருந்தது. அதைவிட வேகமாக, அந்த எரிமலை அடுக்குகளை ஆராய வந்த மாணவிக்குக் கோபம் வந்தது.

"யாரைக் கேட்டுப் பூசினீங்க?"

சாலை வேலையின் இன்ஜினியர் ஹெல்மெட்டைக் கழற்றினான். பதினெட்டு நாளாக எட்ட இருந்தே பார்த்த முகம்... இவ்வளவு கிட்டத்தில் இன்றுதான்.

"மழைங்க... சரிஞ்சா கீழ வேலை செய்றவங்க கதி? பூசுறதுக்கு முன்னாடி, நீங்க கொடி குத்தின இடத்துல எல்லாம் மண்ணெடுத்து வச்சிருக்கேன்."

தகரக் கொட்டகையில், மேசைமேல் ஏழு பைகள். ஒன்றாம் எண் பையைப் பிரித்தாள். மாவாகச் சாம்பல். ஏழைப் பிரித்தாள். வெள்ளை நுரைக்கல்.

"எல்லாம் தலைகீழ்! எரிமலை முதல்ல கக்கினது நுரைக்கல். ஆலங்கட்டி மாதிரி விழுந்து அடியில கிடக்கு. அதான் ஒண்ணு. கடைசியா படிஞ்ச சாம்பல் ஏழு. மூணு வருஷ உழைப்புங்க... விளையாட்டா போச்சா?"

"நாங்க மேலேர்ந்துதானே வெட்டுறோம்? முதல்ல வெட்டினது ஒண்ணு."

அவன் உதட்டோரம் சிரிப்பு. அது வேறு அழகாக இருந்து தொலைத்தது.

"சிரிக்காதீங்க! நடுவுல விரல் தடிமனுக்குப் பழுப்பு மண் இருந்துச்சே... மலை பல நூறு வருஷம் சும்மா கிடந்தப்போ புல் முளைச்ச மண்ணு. அது இருந்தாத்தான் ரெண்டு தடவை வெடிச்சுதுன்னு நிரூபிக்க முடியும். எங்க புரொபசர் ஒரே தடவைதான்னு அடிச்சுச் சொல்றார். அதையும் மத்ததோட சேர்த்து வாரிப் போட்டிருப்பீங்க!"

அவன் நாலாம் பையை அவள் பக்கம் நகர்த்தினான். உள்ளே துணிச்சுற்று... அதற்குள் உடையாத ஒரு பாளமாக, மெல்லிய வேர்த்தடங்களோடு, அந்தப் பழுப்பு மண்.

அவள் கண்கள் ததும்பின. வாய்க்கு வந்தபடி திட்டினேனே... மன்னிப்பு கேட்க நாக்கு அடம்பிடித்தது.

"இதை மட்டும் ஏன் இப்படி...?"

"தினமும் அங்கதான் ரொம்ப நேரம் நிப்பீங்க." அவன் குரல் தணிந்தது. "உங்களைப் பார்த்துப் பார்த்து... அந்த மண்ணும் பிடிச்சுப் போச்சு."

'மண்ணும்' என்றானே...!

அவள் அவசரமாகப் பேனாவை எடுத்தாள். ஒன்றை ஏழாக்கினாள். இரண்டை ஆறாக்கினாள். மூன்றை ஐந்தாக்கினாள். நாலில் கை நின்றது.

"இது மட்டும் மேலேர்ந்து எண்ணினாலும் நாலு, கீழேர்ந்து எண்ணினாலும் நாலு."

"அப்ப ஒரு விஷயத்துலயாவது ஒத்துப் போறோம்?"

"ரெண்டுல," என்றாள், பையைப் பார்த்தபடியே. "எனக்கும் பிடிச்சிருக்கு... ஆனா கோபம் இன்னும் போகல!"