புல்லட்டை முந்திய பேட்டரி வண்டி

மாதனூர் மேகலாவின் பேட்டரி ஸ்கூட்டர் ஒரு புல்லட்டை முந்தியது. சும்மா முந்தவில்லை... அது கிளப்பிய காற்றில், பெய்துகொண்டிருந்த மழையே பள்ளிகொண்டா பக்கம் சாய்ந்தது. அங்கே கோயிலில் பள்ளிகொண்டிருந்த ரங்கநாதரே முழங்கையை ஊன்றி எட்டிப் பார்த்ததாகக் கேள்வி!

நம்ப வேண்டாம். அவள் வேலை செய்யும் ஷூ கம்பெனியில் ஒருவரும் நம்பவில்லை. இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாத வண்டி அது. அதனால்தான் பதிவுக் கட்டணம் இல்லை, நம்பர் பிளேட் இல்லை, லைசென்ஸும் வேண்டாம். கம்பெனி பஸ் எட்டிப் பார்க்காத அவள் தெருவுக்கு அதுதான் பஸ், ரயில், விமானம் எல்லாம்.

ஆனால் மேகலாவுக்குத் தெரியும்... அந்தச் சாரல், ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அவளையே பார்த்த இரண்டு கண்கள். இமையில் விழுந்த துளி உதிர்வதற்குள் முந்திவிட்டாள். நெஞ்சு மட்டும் அந்தப் புல்லட்டைவிடச் சத்தமாக அடித்துக்கொண்டது.

மறுநாள் கம்பெனி கேட்டில் அதே கண்கள்! புதிதாக வந்த சூப்பர்வைசர் ஜெயப்பிரகாஷ்.

"சார், நேத்து உங்க புல்லட்ட முந்துனது நான்தானே? இவங்க நம்ப மாட்றாங்க, சொல்லுங்க!"

சுற்றிலும் ஷிப்டே கூடி நின்றது. அவன் மீசையைத் தொட்டுக்கொண்டான்.

"எது... இந்த பொம்மை வண்டியா? கனவு கினவு கண்டியாம்மா?"

கம்பெனி கேட்டே சிரிப்பில் குலுங்கியது. அன்றிலிருந்து கேன்டீன் வரிசையில்கூட அவள் 'புல்லட் மேகலா'தான். அவன் வந்தால் தையல் மெஷினை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டாள். அவன் நின்று நின்று பார்ப்பான்... பிறகு அடுத்த மெஷினுக்குப் போய்விடுவான்.

மழை போய் வெயில் வந்தது. கூட்ரோட்டில் வாகன ஆய்வாளர் அவளை மடக்கினார்.

"நம்பர் பிளேட் எங்கம்மா?"

"இருபத்தஞ்சுக்கு மேல போவாது சார். பதிவு தேவையில்ல."

"அட, ஆமை வண்டியா!"

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "புல்லட்டையே முந்தியிருக்கு சார்!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தாள்.

"அப்போ வேகத்தை ஏத்தி வச்சிருக்க. பதிவு இல்லாம ஓட்டுற... எறங்கு. வண்டி இங்கேயே நிக்கட்டும்."

வண்டி போனால் வேலையும் போகும். கண் நிறைந்தது...

பின்னால் தடதடவென்று அதே புல்லட். ஜெயப்பிரகாஷ் இறங்கி வந்து, ஆய்வாளரிடம் விஷயத்தைக் கேட்டுவிட்டு, ஸ்கூட்டரின் ஹேண்டில்பாரைப் பிடித்தான். விரலில் புது மோதிரம். போன வாரம்தான் வேலூரில் நிச்சயம். கேன்டீனில் எல்லோருக்கும் லட்டு. மேகலா தொடவில்லை.

"சார், இது வேகமா போவல. என் வண்டிதான் மெதுவா போச்சு. நானே கொறைச்சேன்."

"ஏன்யா?"

"இவங்க மொகத்த... இன்னும் கொஞ்ச நேரம் பாக்கணும்னு."

ஆய்வாளர் தானே ஏறி முறுக்கு முறுக்கென்று முறுக்கிப் பார்த்தார். முள் இருபத்தைந்தைத் தாண்டவில்லை. சாவியை அவளிடம் கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்.

மேகலா சிரிக்கவில்லை.

"இத அன்னிக்கு கேட்ல சொல்லியிருந்தா இன்னா கொறஞ்சிருக்கும்?"

"எல்லாரும் சிரிப்பாங்கன்னு..."

"என்னப் பாத்து சிரிச்சாங்களே... நீங்களும் சேந்துதானே சிரிச்சீங்க?"

அவன் மோதிரத்தைத் திருகினான். அது கழலவில்லை.

அவள் வண்டியில் ஏறினாள். "இப்பவாவது சொல்லுங்க சார். அன்னிக்கு நான் முந்துனேனா, இல்லியா?"

"முந்துன, மேகலா..." அவன் ஓர் அடி விலகி வழிவிட்டான். "நான்தான் பின்னாடியே நின்னுட்டேன்."