இன்றைய பிணம் நான்தான்!

"வீ...ல்...ல்!"

அலறல் ஆலையின் பின்பக்கத்திலிருந்து வந்தது.

அடுத்த விநாடி... கைதட்டல்!

அலறல் கேட்டால் கைதட்டும் கூட்டம் எங்காவது உண்டா? இங்கே உண்டு. பீர் ஆலையை ஒட்டிய 'டேப்ரூம்' என்ற குடிக்கூடத்தில் இன்று மாலை நிகழ்ச்சியின் பெயர், 'கொலையாளி யார்?'

ஒளிந்திருக்கும் பிணத்தைத் தேடு. கொலைகாரனைக் கண்டுபிடி. ஜெயித்தால் ஒரு வருஷம் இலவச பீர்!

பீர்க் குழாயடியில் கிளாஸ் கிளாஸாகப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள் பல்லைக் கடித்தாள். அவளை எல்லோரும் 'மாஸ்டர்' என்பார்கள். பீர் காய்ச்சுவது அவள். ஆலையில் பாதி அவளுடையது, மீதி கணவனுடையது.

காலையிலிருந்தே அவளுக்குக் கோபம். தம்பி மேல்தான்.

எந்நேரமும் மைக்கும் கையுமாக அலைவதால் அவன் பெயரே 'மைக்' ஆகிவிட்டது. நிகழ்ச்சி ஆரம்பிக்கும்போதே கூட்டத்தின் நடுவில் அவனைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினாள்.

"போன வாரம் நாய்க்கு அழகிப் போட்டி! இன்னிக்குப் பிணமா? என் பீரைக் குடிக்க ஆள் வரணும்டா... வேடிக்கை பார்க்க இல்ல!"

"வெறும் பீருக்கு யாருக்கா வந்தாங்க? உக்காந்து ஈ ஓட்டினோமே, மறந்துட்டியா?"

"உன்னைக் கொன்னு டாங்க்ல போட்டுடுவேன்!"

கூட்டம் சிரித்தது. அவன் மைக்கை வாயருகே கொண்டுபோனான்.

"கேட்டீங்களா? முதல் சந்தேகம் எங்க அக்கா மேல! இன்றைய பிணம் நான்தான்! எங்கே கிடக்கேன்னு கண்டுபிடிங்க!"

சொல்லிவிட்டுப் போனவன்தான்.

இப்போது அலறிவிட்டுக் கூடத்துக்கு ஓடி வந்தது, வாடிக்கையாக வரும் பல் டாக்டரம்மா.

"டாங்க் ரூம்ல பிணம்! ஐயோ... நடிப்பு இல்லீங்க... உதடெல்லாம் நீலமா இருக்கு!"

கைதட்டல் இரண்டு மடங்கானது. போன்கள் உயர்ந்தன. ஆபீஸ் அறைக் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்த யாரோ ஒருவர், "ஐயோ, என் பொண்டாட்டி!" என்று தலையில் அடித்துக்கொள்ள, அதற்கும் ஒரு விசில் பறந்தது.

மாஸ்டர் எதையும் கேட்கவில்லை. கிளாஸைப் போட்டுவிட்டு ஓடினாள்.

டாங்க் ரூம் வாசலில் கால் வைத்ததுமே மூக்கில் சுருக்கென்று ஏறியது.

"யாரும் கிட்ட வராதீங்க! உள்ள வாயு!"

மூச்சை அடக்கிக்கொண்டு பாய்ந்தாள். தரையில் கிடந்த தம்பியைச் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டாள்.

"எழுந்திருடா... டேய், எழுந்திரு! நீ செத்தா உன்னைக் கொன்னே போட்டுடுவேன்!"

டாக்டரம்மா அவன் வாயில் வாய் வைத்து ஊதினாள். ஊதிக்கொண்டே இருந்தாள்.

லேசாக ஒரு இருமல்!

ஆம்புலன்ஸ் அவனை அள்ளிக்கொண்டு போனது. கூடவே ஏறப் போனவளைப் போலீஸ் ஜீப் மறித்தது.

இன்ஸ்பெக்டர் டாங்க் ரூமைச் சுற்றி வந்தார். ஜன்னல்கள் இப்போது திறந்திருந்தன.

"என்னம்மா நடந்தது?"

"பீர் புளிக்கும்போது வாயு கிளம்பும் சார். கனமானது, தரையிலேயே தேங்கும். அதை வெளியே விடற குழாய் இது. யாரோ ஜன்னல்லேர்ந்து உருவி உள்ள போட்டிருக்காங்க. ஃபேனையும் நிறுத்தியிருக்காங்க. கீழே படுத்தவன் எப்படி சார் எழுந்திருப்பான்?"

"இந்த சூட்சுமம் யாருக்குத் தெரியும்?"

"எனக்கு."

"வேற?"

அவள் நின்றுபோன ஃபேனையே பார்த்தாள்.

"கொன்னு டாங்க்ல போடுவேன்னு ஊர் கேட்கச் சொன்னது?"

"நான்தான்! தம்பியைத் திட்டாத அக்கா எந்த ஊர்ல சார் இருக்கா?"

கணவன் பவ்யமாக முன்னால் வந்தான். "சார், இவளுக்கு மூக்கு மேல கோபம். ஆனா வேணும்னே செஞ்சிருக்க மாட்டா..."

"வேணும்னே-வா? அப்ப நான்தான் செஞ்சேங்கறியா?" அவள் சீறினாள்.

"எனக்கென்ன தெரியும்? நான் அந்த ரூம் பக்கமே போறதில்ல. பீர் வாசனையே எனக்கு ஆகாது சார்."

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார். "ஸ்டேஷனுக்கு வாங்கம்மா."

"என் தம்பி அங்க உயிருக்குப் போராடறான்! நான் அவன்கூட இருக்கணும் சார்!"

"சார்... ஒரு நிமிஷம்!" டாக்டரம்மா குறுக்கே வந்தாள். "கொலையாளி யாருன்னு நாங்க எல்லாரும் ஓட்டுப் போட்டு முடிவு பண்ணிட்டோம்."

"இன்னுமா விளையாட்டு? அறிவில்ல?"

"விளையாட்டுன்னு நினைச்சுத்தான் சார் ஒவ்வொருத்தரையும் கவனிச்சோம். இதைப் பாருங்க."

கூட்டத்தில் ஒருவர் வீடியோ எடுத்திருந்த போனை நீட்டினாள். திரையில் ஆபீஸ் அறைக் கதவு திறந்தது. தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்தது...

கணவன்!

'ஐயோ, என் பொண்டாட்டி!'

"இன்னிக்குப் பிணம் தம்பின்னு கூடத்துல இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். கதவைச் சாத்திக்கிட்டு உள்ள இருந்த இவருக்கு மட்டும் தெரியாது. டாங்க் ரூம்ல பிணம்னதும், எட்டிக்கூடப் பார்க்காம பொண்டாட்டிக்கு அழுதார். அவங்க எதிர்லயே பீர் ஊத்திட்டு இருந்தாங்க சார்! ஓவர் ஆக்டிங்குன்னு கூட்டம் விசிலடிச்சுது."

கணவனின் முகம் வெளுத்தது.

மாஸ்டர் டாங்க்கைத் திரும்பிப் பார்த்தாள். தினமும் இந்த நேரத்துக்கு டாங்க்கின் அடிக்குழாய் முன்னால் குந்தி உட்கார்ந்து, ருசி பார்ப்பவள் அவள். இன்று எள் போட்டால் விழாத கூட்டம். நகர முடியவில்லை.

"அந்த வாயு... எனக்கா?"

கணவன் பின்வாங்கினான்.

"இந்த ரூம்ல குனியாதே, செத்துடுவேன்னு கல்யாணமான புதுசுல நான்தானே உனக்குச் சொல்லிக் கொடுத்தேன்! பாவி... என்கிட்டயே அதைச் செஞ்சு பார்த்தியா?"

"எத்தனை தடவை கெஞ்சினேன்? இடத்தை வித்துட்டுப் போயிடலாம்னு! கேட்டியா நீ?" அவன் வெடித்தான்.

பளார்!

கூட்டம் கைதட்டியது. இன்ஸ்பெக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டாக்டரம்மாவின் போன் அடித்தது. பேசியவள் சிரித்தாள்.

"ஆஸ்பத்திரியில பிணம் கண்ணைத் திறந்துடுச்சாம். முதல் கேள்வியே, 'கூட்டம் எப்படி?'ன்னு!"

"வீட்டுக்கு வரட்டும், அந்த மைக்கை உடைக்கிறேன்!" என்று கத்திய மாஸ்டர், சுவரில் சாய்ந்து ஓவென்று அழுதாள்.

விலங்கு கணவன் கையில் ஏறியது. அவன் முணுமுணுத்தான்.

"இந்தக் கூத்தையெல்லாம் எவன் வந்து பார்ப்பான்னு இருந்துட்டேன் சார்..."

"கவலைப்படாதீங்க. எங்க ஜெயில்லயும் தினம் காலைல ஒரு நிகழ்ச்சி உண்டு. பேர் கூப்பிடுவாங்க. அதுக்கு மட்டும் நீங்க வராம இருக்கவே முடியாது!"